கூதிர் காலத்தில் ஒருநாள் மலைப்பயணம்

குறிஞ்சி நிலத்திற்குரிய பெரும்பொழுதுகள் கூதிரும் முன்பனியும் எனத் தொல்காப்பியம் வகுத்துள்ளது. கூதிர் என்பது ஐப்பசி, கார்த்திகை ஆகிய இரு திங்கள்கள். மலையையும் இப்பருவத்தையும் நம் முன்னோர் இணைத்தே கண்டனர் என்பது இதனால் விளங்கும். ஏறத்தாழ இதே திங்கள்களை வடநாட்டார் சரத் காலம் என்பர். அவர்களுக்கு அது மழை நீங்கி வானம் தெளிந்திருக்கும் காலம். நமக்கோ வாடையும் மழையும் கூடிய காலம். திங்கள்கள் ஒன்றே, வானம் வேறு. இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டு, திருவனந்தபுரத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் சிறுவரையும் முதியோரையும் உடன் அழைத்துக்கொண்டு இப்பருவத்தில் ஒருநாள் மலைப்பயணம் சென்று வருவது எவ்வாறு என்பதை இங்கே எண்ணிப் பார்ப்போம்.

இதை எண்ணுவதற்கு ஏற்ற காலமும் இதுவே. ஆவணியில் ஓண விடுமுறை, அடுத்து நவராத்திரியின் பூசை விடுமுறை, பின்னர்த் தீபாவளி. நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்துச் சரசுவதியும், குமாரகோயில் முருகனும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் வந்து சேர்வது ஆண்டுதோறும் நிகழும் வழக்கம். தெய்வங்களோடு உறவினரும் வருவர். நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் அத்தையும் மாமாவும் பிள்ளைகளோடு வந்து நான்கு நாள் தங்குவர். பத்மநாபசுவாமி கோயில், சங்குமுகம் கடற்கரை, விலங்குக்காட்சிச் சாலை ஆகிய மூன்றையும் பார்த்து முடித்தபின், “இனி எங்கே?” என்ற கேள்வி எழும். மலைக்குப் போகலாம் என்று ஒருவர் சொன்னால், உடனே பலருக்கும் நினைவுக்கு வருவன கோடைக்கானலும் உதகையுமே. நகரின் வாயிலிலேயே ஒரு மாமலை நிற்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

அம்மலை நமக்குப் புதியதன்று. நெல்லைச் சீமையில் பிறந்த நம் பெற்றோர் மாலைக் கதிரவன் எந்த மலையின் பின்னே மறையக் கண்டனரோ, அந்தப் பொதிகையின் மறுபக்கந்தான் இது. இங்கே வளரும் நம் பிள்ளைகளுக்கு அதே மலைத்தொடர் காலைக் கதிரவன் எழும் திசையில் நிற்கிறது. அதன் கிழக்குச் சரிவில் பிறக்கும் தாமிரபரணி பாபநாசத்தைக் கடந்து, நெல்லை வயல்களை நனைத்து, மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. மேற்குச் சரிவில் பிறக்கும் கரமனையாறும் நெய்யாறும் அரபிக்கடலை அடைகின்றன. திருவனந்தபுரத்தில் நாம் பருகும் நீரில் பெரும்பகுதி கரமனையாற்றின் பேப்பாறை, அருவிக்கரை அணைகளிலிருந்து வருவதே. ஆகவே ஊரில் பாட்டியின் சொம்பில் உள்ள நீரும், இங்கே பேரனின் கோப்பையில் உள்ள நீரும் ஒரே மலைத்தொடர் தந்தவை. பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் பயின்று, தமிழை வீட்டில் மட்டும் கேட்டு வளரும் குழந்தைக்கு இதைச் சொல்லிக் காட்ட மலையைவிடச் சிறந்த பள்ளியில்லை.

இனி, பருவத்தின் இயல்பைக் காண்போம். திருவனந்தபுரம் மாவட்டம் இரண்டு மழைக்காலங்களையும் பெறும் பேறுடையது. சூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அது ஓய்ந்தபின் அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. நாம் ஐப்பசி மழை என்பதை மலையாளிகள் துலாவருஷம் என்பர். துலாம் என்பது அவர்களுடைய ஐப்பசித் திங்கள். இவ்விரு மழைகளின் குணமும் ஒன்றன்று. தென்மேற்குப் பருவமழை பகலென்றும் இரவென்றும் பாராமல் நாட்கணக்கில் பெய்யக்கூடியது. துலாவருஷமோ பெரும்பாலும் நண்பகலுக்குப்பின் இடியும் மின்னலுமாக வருவது. காலையில் வானம் கழுவிவிட்டாற்போல் இருக்கும்; மாலையில் அதே வானம் கருத்து அதிரும்.

இதன் காரணம் எளிது. காலை வெயில் தரையையும் மலைச்சரிவையும் சூடேற்றுகிறது. கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து நிற்கும் காற்று, சூடேறியதும் சரிவின் வழியே மேலே ஏறுகிறது. ஏறும் காற்று குளிர்கிறது. அதிலுள்ள நீராவி முகிலாகத் திரள்கிறது. பிற்பகலில் அம்முகில் பல கிலோமீட்டர் உயரத்திற்கு வளர்ந்து இடிமுகிலாகிறது. கடலும் மலையும் இவ்வளவு அருகருகே இருக்கும் நாட்டில் இச்செயல் விரைவாக நடைபெறும். மலையுச்சியில் நிற்பவர் அம்முகிலின் அடியில் மட்டுமன்று, சில வேளைகளில் அதன் நடுவிலேயே நிற்கிறார்.

பிற மாநிலங்களில் வாழும் தமிழன்பர்களுக்கு இங்கே ஒரு சொல். தில்லியில் இருப்போர் அக்டோபரில் சிம்லாவுக்கும் முசோரிக்கும் செல்வதுண்டு. அப்போது அங்கே பருவமழை விலகிவிடுகிறது. பனிமலைகள் தெளிவாகத் தோன்றும். அவர்களுக்குப் பெரும்பாலும் குளிர் ஒன்றே கவலை. மும்பையிலும் புனேயிலும் இருப்போர்க்குச் சகியாத்திரி மலைகள் செப்டம்பர் இறுதியில் பசுமையோடு காட்சி தரும். ஆனால் அவர்கள் அக்டோபர் விடுமுறையில் இங்கே வந்து, அங்குள்ள பழக்கத்தில் முற்பகல் முழுதும் வீட்டில் கழித்துவிட்டுப் பிற்பகலில் மலைமேல் போய் நின்றால், இடிமழை அவர்களை எதிர்கொள்ளும். ஒரு நாட்டின் மலைப்பழக்கம் மற்றொரு நாட்டிற்கு அப்படியே பொருந்தாது.

ஆதலின் இப்பருவத்தில் நாம் கைக்கொள்ள வேண்டிய முதல் விதி ஒன்றுண்டு. மலையில் நமக்குரிய பகல் நண்பகலோடு முடிவடைகிறது. விடியுமுன் புறப்பட வேண்டும்; காலையிலேயே உச்சியைக் காண வேண்டும்; பகல் 12 மணிக்கு மேல் மேட்டுநிலத்தில் நிற்கலாகாது. இரண்டாவது விதி: குடும்பத்தில் மிகச் சிறிய காலின் அளவே முழுக் குடும்பத்தின் அளவு. இவ்விரண்டையும் காத்தால் பயணம் இனிதாகும். இவற்றுள் ஒன்றை விட்டாலும், எஞ்சிய ஏற்பாடுகளால் பயன் சிறிதே.

எந்த மலைக்குச் செல்வது? பெயரைக் கேட்டதும் உள்ளம் விரும்புவது அகத்தியர் மலையையே. 1,868 மீட்டர் உயரமுள்ள அச்சிகரம் நெய்யாற்று வனவிலங்குச் சரணாலயத்தைச் சார்ந்தது. 1855ஆம் ஆண்டிலேயே, திருவனந்தபுரம் வானாய்வுக்கூடத்தின் தலைவராயிருந்த சான் ஆலன் புரூன் என்னும் அறிஞர் அதன் உச்சியில் ஓர் ஆய்வுக்கூடம் அமைத்து, வானிலையையும் புவியின் காந்தத்தையும் அளந்தார். மலையின் மேலும் கீழும் ஒரே வேளையில் எடுத்த அளவுகளை ஒப்பிடுவது அவருடைய நோக்கம். 2016ஆம் ஆண்டில் அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் யுனெசுகோவின் உலக வலையமைப்பில் இடம்பெற்றது. பெருமை மிக்க மலைதான். ஆனால் குடும்பத்தோடு ஒரு பகலில் ஏறி இறங்கும் மலையன்று. போணக்காட்டிலிருந்து நடந்து, அதிருமலை முகாமில் இரவு தங்கி, மறுநாளே உச்சியை அடைய இயலும். வனத்துறை வழக்கமாகச் சனவரி முதல் மார்ச் வரையிலான வறண்ட காலத்தில்தான் அனுமதிச்சீட்டு வழங்குகிறது. சிறுவர்க்கு அங்கே அனுமதியில்லை. பெண்களுக்கும் நெடுங்காலம் தடை இருந்தது; 2018இல் கேரள உயர்நீதிமன்றம் அளித்த தீர்ப்பினால் 2019 சனவரி முதல் அவர்களும் ஏறி வருகின்றனர். ஆகவே நம் மகளும் மகனும் வளர்ந்தபின் ஏறுவதற்கென அம்மலையை விட்டுவைப்போம். இப்போதைக்குத் தொலைவிலிருந்து வணங்குவோம்.

குடும்பத்திற்கு ஏற்றது பொன்முடி. நகரிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர். உயரம் ஏறத்தாழ 1,100 மீட்டர். உச்சியை அடுத்துள்ள புல்வெளி வரை நல்ல சாலை உண்டு. தம்பானூரிலிருந்து அரசுப் பேருந்துகளும் செல்கின்றன. நெடுமங்காடு, விதுரா ஆகிய ஊர்களைக் கடந்து கல்லாற்றை அடைந்ததும் ஏற்றம் தொடங்குகிறது. அங்கிருந்து 22 கொண்டையூசி வளைவுகள். வளைவுதோறும் எண் பொறித்திருப்பதால், எண்ணிக்கொண்டே ஏறுவது சிறுவர்க்கு நல்ல விளையாட்டு. உயரம் கூடக்கூட மரங்கள் மாறுவதையும், ரப்பர்த் தோட்டம் மறைந்து காடு தோன்றுவதையும், காடு விலகித் தேயிலை தோன்றுவதையும், இறுதியில் எல்லாம் நீங்கிப் புல்வெளி விரிவதையும் அவர்களுக்குச் சுட்டிக்காட்டலாம். ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏற்றத்திற்கும் வெப்பம் ஏறக்குறைய ஆறரைப் பாகை குறையும். எனவே நகரில் 24 பாகையாயிருக்கும் காலையில் பொன்முடியில் 17 அல்லது 18 பாகையே இருக்கும். காற்றும் ஈரமும் சேர்ந்தால் உடல் அதனினும் குளிர்ச்சியை உணரும். குழந்தைகளுக்கு ஒரு கம்பளிச் சட்டையேனும் வேண்டும்.

வளைவுகள் சிலருக்கு வயிற்றைக் குமட்டச் செய்யும். புறப்படும்போது வயிறு நிறைய உண்பதும் தவறு. வெறும் வயிற்றோடு ஏறுவதும் தவறு. இரண்டு இட்டலி போதும். குமட்டும் குழந்தையை முன்னிருக்கையில் அமர்த்தி, நேரே சாலையைப் பார்க்கச் சொல்ல வேண்டும். புத்தகத்தையோ கைப்பேசியையோ பார்க்க விடலாகாது. ஒரு துண்டு இஞ்சி மரப்பா பலருக்கு உதவும். விடியற்காலை ஐந்தரை மணிக்கு நகரைவிட்டுப் புறப்பட்டால், இடையில் தேநீர் அருந்தி இளைப்பாறியும் காலை எட்டரைக்குள் மேலே சேரலாம். வனத்துறையின் வாயில் எப்போது திறக்கும், அன்று வழி திறந்துள்ளதா என்பவற்றை முதல்நாளே கேட்டறிதல் நன்று.

மேலே சென்றபின் எவ்வளவு தொலைவு நடக்கலாம்? இதற்கு ஒரு கணக்குண்டு. 1892ஆம் ஆண்டில் வில்லியம் நேசுமித் என்னும் சுகாத்துலாந்து மலையேற்றக்காரர் வகுத்தது அது. சமநிலத்தில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். அதனோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்திற்கும் மேலும் ஒரு மணி நேரம். இது உடல் வலிமையுடைய பெரியவர்க்கான கணக்கு. ஆறு வயதுக் குழந்தையும் அறுபது வயதுப் பாட்டியும் உடன் வரும்போது நேரத்தை இருமடங்காகக் கொள்வது தக்கது. 3 கிலோமீட்டர் தொலைவும் 150 மீட்டர் ஏற்றமும் உள்ள ஒரு வழியை எடுத்துக்கொள்வோம். தொலைவிற்கு 36 நிமிடம், ஏற்றத்திற்கு 15 நிமிடம், ஆக 51 நிமிடம். குடும்பத்திற்கு அது ஒன்றே முக்கால் மணியாகும். திரும்பி வருவதற்கும் நேரம் வேண்டும். ஒன்பது மணிக்கு நடக்கத் தொடங்கினால் பன்னிரண்டரைக்குத்தான் திரும்புவோம். நம் முதல் விதி அதற்கு இடம் தரவில்லை. ஆகவே அவ்வழியில் பாதியே நமக்குரியது.

இதிலிருந்து ஒரு பழக்கம் பிறக்கிறது. புறப்படும்போதே திரும்பும் நேரத்தை உரக்கச் சொல்லிவிட வேண்டும். “பத்தரை மணி ஆனதும், எங்கே நின்றாலும் திரும்பிவிடுவோம்” என்று தந்தையோ தாயோ எல்லோரும் கேட்கச் சொல்லட்டும். கடிகாரத்தைப் பார்க்கும் பொறுப்பைப் பிள்ளைகளில் ஒருவரிடம் ஒப்படைத்தால் அது இன்னும் நன்று. அடுத்த மேடு நூறு அடியில் இருக்கும். “அதையும் பார்த்துவிட்டு வரலாமே, மாமா” என்று யாரேனும் சொல்வர். அப்போது திரும்புவதுதான் கடினம். திரும்பவேண்டிய நேரமும் அதுவே. மேடு அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும். வழியின் பாதியில் திரும்பிய குடும்பத்தை யாரும் தோற்றவர் என்று சொல்லப்போவதில்லை.

மின்னலைப் பற்றித் தனியே சொல்லியாக வேண்டும். பொன்முடியின் அழகு அதன் வெட்டவெளிப் புல்மேடுகளில் இருக்கிறது. இடி முழங்கும் வேளையில் ஆபத்தும் அங்கேயே இருக்கிறது. மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்குக. ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ 3 நொடி ஆகும். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால், மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே புகலிடம் தேட வேண்டும். கூரையும் சுவரும் உள்ள கட்டடம், அல்லது இரும்புக் கூரையுள்ள மோட்டார் வண்டி, இவையே புகலிடம். காட்சிக் கோபுரம் புகலிடமன்று. தனிமரத்தின் அடியும் அன்று. விரித்த குடையும் அன்று. கடைசி இடி கேட்டபின் 30 நிமிடம் கழித்தே வெளியே வர வேண்டும். முகில் கருக்கக் காணும்போதே இறங்கத் தொடங்குபவர்க்கு இவ்விதிகள் தேவைப்படமாட்டா.

நண்பகலில் கீழே இறங்கியபின் கட்டுச்சோற்றைப் பிரிக்கலாம். புளியோதரையும் தயிர்ச்சோறும் வாழையிலையில் மடித்து எடுத்து வந்தால், உண்டபின் எறிய வேண்டிய குப்பை இராது. கல்லாற்றங்கரை உண்பதற்கு இனிய இடந்தான். வாமனபுரம் ஆற்றில் சென்று கலக்கும் இச்சிற்றாறு, உருண்டு வழுவழுப்பான பாறைகளின் மீது ஓடுவது. பெயரே அதைச் சொல்லிவிடுகிறது. ஆனால் மழைக்காலத்தில் மலையாற்றை நம்புதல் கூடாது. நாம் அமர்ந்திருக்கும் இடத்தில் வெயில் அடிக்கும்போதே மலைமேல் மழை கொட்டக்கூடும்; அந்நீர் சில நிமிடங்களில் நம் காலடிக்கு வந்துவிடும். தெளிந்தோடிய நீர் திடீரெனக் கலங்குவதும், இலையும் சுள்ளியும் மிதந்து வருவதும், ஓசை மாறுவதும் அதன் அறிகுறிகள். கரையில் அமர்ந்து பார்ப்போம். இப்பருவத்தில் குழந்தைகளை நீரில் இறக்க வேண்டா.

அணிவனவற்றையும் எடுத்துச் செல்வனவற்றையும் சுருங்கச் சொல்வோம். ரப்பர்ச் செருப்பு ஈரப்புல்லில் வழுக்கும். அடியில் பிடிப்புள்ள காலணி வேண்டும். குடையைவிட மழைச்சட்டை ஏற்றது. கைகள் இரண்டும் ஓய்வாயிருக்கும். ஈரமான சோலைகளில் அட்டைகள் மிகுதி. காற்சட்டையின் அடியைக் காலுறைக்குள் செருகிக்கொண்டால் பெரும்பாலும் தப்பலாம். கடித்துவிட்டால் அஞ்சிப் பிடித்திழுக்க வேண்டா. விரல்நகத்தைத் தோலோடு ஒட்டி நகர்த்தினால் பிடி விட்டுவிடும். பின்பு சோப்பிட்டுக் கழுவிச் சிறிது நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும். அட்டைக்கடி பெரும்பாலும் அச்சம் தருவதேயன்றித் தீங்கு தருவதன்று. காய்ச்சி ஆறிய நீர், ஒரு மாற்றுடை, மருந்துப்பெட்டி, கைவிளக்கு ஆகியன இருக்கட்டும். ஒவ்வொரு குழந்தையின் கழுத்திலும் ஓர் ஊதல் கட்டிவிடுவது மிக நன்று. பொன்முடியில் மூடுபனி வந்தால் பத்தடி தொலைவில் நிற்பவரும் தெரியார். “மூடுபனி வந்தால் நின்ற இடத்திலேயே நில், ஊது, நாங்கள் உன்னிடம் வருவோம்” என்று சொல்லி வைத்திருந்தால், குழந்தை வழிதப்பி அலையாது. அவசர உதவிக்கு நாடு முழுவதற்கும் உரிய எண் 112. மலையில் கைப்பேசிக்கு எங்கும் தொடர்பு கிடைக்கும் என்று எண்ணியிருத்தல் கூடாது.

இவ்வளவு எச்சரிக்கையும் எதற்காக? காண்பதற்குரியவை மிகப் பல என்பதற்காக. மழை கழுவிய காலையில் மேற்கே சமவெளியும், காற்று தெளிந்திருந்தால் கடற்கோடும் தோன்றும். அருகே, புல்மேடுகளின் மடிப்புகளில் கரும்பச்சைத் திட்டுகளாகக் குறுங்காடுகள் நிற்கும். இவற்றிற்கு அறிவியலார் உலகெங்கும் வழங்கும் பெயர் நம் சோலை என்னும் சொல்லே. புல்லும் சோலையும் பெய்த மழையைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்து, மழையில்லாத மாதங்களில் சிறுகச் சிறுகக் கசியவிடுகின்றன. கோடையிலும் ஓடைகளில் நீரூறுவது இதனால்தான். பொன்முடியை அடுத்த மலைகளில் வரையாடுகள் வாழ்கின்றன. வரை என்பது மலை. மலையில் வாழும் ஆடு வரையாடு. தமிழ்நாட்டின் மாநில விலங்கு இது. அதன் பெயரால் வரையாட்டுமொட்டை என்னும் சிகரமும் இங்குண்டு. பொன்முடி, கல்லாறு, வரையாட்டுமொட்டை என்னும் பெயர்ப்பலகைகளை நம் பிள்ளைகள் மலையாள எழுத்தில் படிப்பர். ஒவ்வொன்றையும் பிரித்துப் பொருள் சொல்லச் சொல்வோம். பொன், முடி, கல், ஆறு ஆகிய எல்லாம் இருமொழிக்கும் உரிய சொற்கள் என்பதை அவர்களே கண்டுகொள்வர். வீட்டுமொழி வேறு, பள்ளிமொழி வேறு எனத் தயங்கி நிற்கும் குழந்தைக்கு இக்கண்டுபிடிப்பு சிறிதன்று.

மலை நமக்கு ஒருநாள் விருந்து. அங்கேயே வாழ்வோர்க்கு அது வாழ்க்கை. இம்மலைகளின் பழங்குடியினராகிய காணிக்காரர்கள் களைப்பைப் போக்க உண்ட ஒரு செடியை, 1987ஆம் ஆண்டில் காட்டாய்வுக்கு வந்த அறிவியலார்க்குக் காட்டினர். ஆரோக்கியப்பச்சை எனப்படும் அச்செடியிலிருந்து பாலோட்டிலுள்ள தாவரவியல் ஆய்வு நிறுவனம் மருந்தொன்றை உருவாக்கி, வருவாயில் ஒரு பங்கை அம்மக்களுக்கு அளித்தது. பழங்குடியினரின் அறிவுக்கு உரிய பங்கு தரப்பட்டதற்கு உலகில் முதன்மையாக எடுத்துக்காட்டப்படும் நிகழ்ச்சிகளுள் இதுவும் ஒன்று. மலையில் யாரேனும் ஒருவர், “இன்று மேலே போக வேண்டா” என்று சொன்னால், அச்சொல்லை நாம் மதிக்க வேண்டும். வானத்தைப் படிக்க நம்மினும் அறிந்தவர் அவர்.

மலைத்தோட்டங்களில் உழைப்போர் பலர் நம் தமிழ் மக்களே. 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு, மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் பெருமழையால் மலை சரிந்து, தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் குடியிருப்பு வரிசைகளை மூடியது. மாண்டவரும் காணாமற்போனவருமாக 70 பேர், பெரும்பாலோர் தமிழர். மழையில் நனைந்து ஊறிய மலைச்சரிவு எத்தகையது என்பதை அத்துயரம் நமக்குக் காட்டியது. பொன்முடிச் சாலையும் மழைக்காலத்தில் மண்சரிவால் அடைபட்டதுண்டு. எனவே எச்சரிக்கை விடுக்கப்பட்ட நாளில் அதிகாரிகள் மலைவழியை மூடும்போது, அது நம் விடுமுறையைக் கெடுக்கும் செயலன்று.

எச்சரிக்கையின் நிறங்களை வீட்டில் எல்லோரும் அறிந்திருத்தல் வேண்டும். 24 மணி நேரத்தில் ஆறரைச் சென்டிமீட்டர் முதல் பதினொன்றரைச் சென்டிமீட்டர் வரை மழை எதிர்பார்க்கப்பட்டால் மஞ்சள். அதற்கு மேல் 20 சென்டிமீட்டர் வரை ஆரஞ்சு. அதனினும் மிகுந்தால் சிவப்பு. இந்நிறங்களில் ஏதேனும் ஒன்று நம் மாவட்டத்திற்கு அறிவிக்கப்பட்டிருந்தால், குழந்தைகளோடு மலைக்குச் செல்வதை ஒத்திவைப்போம். முதல்நாள் இரவு வானொலியின் வானிலை அறிவிப்பைக் கேட்டபின்னரே கட்டுச்சோற்றுக்குப் புளி கரைக்கலாம். ஏமாந்த குழந்தைகளை வெறுங்கையோடு விடவும் வேண்டா. நெடுமங்காட்டிலுள்ள கோயிக்கல் அரண்மனை அருங்காட்சியகத்தில் பழைய நாணயங்களும் நாட்டுப்புறக் கலைப்பொருள்களும் உள்ளன. மழை மிதமாயிருக்கும் நாளில் அது ஒரு நல்ல மாற்று. “மலையில்லையேல் அரண்மனை” என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால் அழுகைக்கு இடமிராது.

ஒருவேளை இச்சுவை பற்றி, அடுத்து வேறு மலைகளையும் காண விரும்புவோர் உண்டு. அவர்களுக்கு அனுமதியின் இன்றியமையாமையை நினைவூட்டுவோம். 2018 மார்ச் 11ஆம் நாள் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேற்றத்திற்குச் சென்றோர் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அது மழைக்காலமன்று, வறண்ட காலம். ஆபத்திற்குப் பருவந்தோறும் ஒரு முகம் உண்டு. அதன்பின் தமிழ்நாட்டில் மலையேற்றத்திற்கென விதிகள் வகுக்கப்பட்டன. 2024 அக்டோபரில் தமிழ்நாட்டு வனத்துறை 40 வழிகளை எளியன, நடுத்தரமானவை, கடினமானவை எனப் பிரித்து, வழிகாட்டிகளோடு திறந்துவைத்தது. விடுமுறைக்கு ஊர் செல்லும் நாம், பிள்ளைகளின் வயதிற்கேற்ற எளிய வழியொன்றைத் தேர்ந்து, பொதிகைத் தொடரின் கிழக்குப் பக்கத்தையும் அவர்களுக்குக் காட்டலாம்.

பிறந்த ஊரைவிட்டு வந்தவர்க்கு, வந்த ஊரின் மண்ணைக் காலால் அறிவது ஒரு கடமை. பிள்ளைகளுக்கு அதை அறிவிப்பது அதனினும் பெரிய கடமை. அதற்கு நெடுந்தொலைவு போகவேண்டுவதில்லை. மிகுந்த பொருளும் வேண்டுவதில்லை. தெளிந்த ஒரு காலை, முன்னரே குறித்த ஒரு நேரம், குழந்தையின் நடைக்கேற்ப நடக்கும் பொறுமை ஆகிய மூன்றும் போதும். கொண்டுசென்ற பொருள்களில் ஒரு துண்டுத் தாளையும் அங்கே விட்டுவிடாமல், அழைத்துச் சென்ற அனைவரையும் மழைக்கு முன் வீட்டில் கொண்டுவந்து சேர்ப்பதே நல்ல மலைப்பயணம். மாலையில் கிழக்கே இடி முழங்கும்போது, உலர்ந்த உடையோடு சுக்குநீர் பருகிக்கொண்டு, “நாம் நின்ற இடத்தில்தான் இப்போது மழை பெய்கிறது” என்று பிள்ளைகள் சொல்லக் கேட்பதைவிட வேறென்ன வேண்டும்?